பழுதும் பயனும்

திருச்செந்தூர் கடலோடு கலந்து வாழும் ஊர். சீரலைவாய் என்று முன்னோர் இதற்குப் பெயரிட்டனர். மன்னார் வளைகுடாவின் அலைகள் கோயில் மதிலின் அருகே வந்து முழங்குகின்றன. அம்முழக்கத்திற்கு இரவென்றும் பகலென்றும் ஓய்வில்லை. ஐப்பசித் திங்களில் கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலையில் சூரசம்ஹாரம் காண மக்கள் கடற்கரையில் கூடுவர். மணல் தெரியாதபடி நிறையும் அக்கூட்டத்தில் ஒரு குழந்தை காணாமற்போனால், அதன் பெயரை உரத்துக் கூறுவதற்கு மனிதனின் தொண்டை மட்டும் போதாது. ஆதலால் ஒலிபெருக்கி இவ்வூருக்கு இன்றியமையாத கருவி ஆயிற்று.

ஆனால் ஒலிபெருக்கியை விரும்பி ஏற்கும் இவ்வூரே அதனை அரித்தழிக்கவும் வல்லது. கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. உப்பு இரும்பின்மேல் படிந்து துருவாகிறது. செம்பின்மேல் படிந்து பச்சைக் களிம்பாகிறது. காற்றின் ஈரத்தை உப்பு தன்பால் இழுத்துக்கொள்வதால், மின்சாரம் செல்லக் கூடாத இடத்திலும் அதற்கு வழி பிறக்கிறது. பத்து ஆண்டு உழைக்கவேண்டிய கருவி கடலோரத்தில் ஐந்து ஆண்டிலேயே தளர்ந்துவிடுவதும் உண்டு. எனவே, பழுதுற்ற பொருளைச் சீர்செய்வதா, கைவிடுவதா என்னும் கேள்வி மற்ற ஊர்களில் எழுவதைவிட இங்கே அடிக்கடி எழுகிறது.

அக்கேள்விக்கு விடை காணும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

திருச்செந்தூரில் ஒரு குடும்பம் என்று கொள்வோம். அக்குடும்பத்துப் பாட்டனார் இளமையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழிலை நடத்தியவர். திருமணம், கோயில் கொடை, பொதுக்கூட்டம் எதுவாயினும் அவருடைய பெட்டியும் புனல் போன்ற குழாய்களும் மாட்டுவண்டியில் ஏறிச் செல்லும். குலசேகரன்பட்டினத்துத் தசராவில் வேடம் புனைந்து வரும் குழுவினருக்கும் அவர் பெட்டி கொடுத்திருக்கிறார். கடை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பெட்டிகளுள் ஒன்று மட்டும் வீட்டுப் பரணில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. அது வால்வுகளால் இயங்கிய பழைய ஆம்பிளிபயர். பேரன் கல்லூரி மாணவன், மின்கிதார் பயில்கிறான். பரணிலிருந்து அதனை இறக்கி, அதில் தன் கிதாரை இணைத்து வாசிக்கவேண்டும் என்று விரும்புகிறான். தந்தையோ, “அதனைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதே நல்லது. பழுது பார்க்கும் பணத்தில் புதிது வாங்கிவிடலாம்” என்கிறார். பாட்டனார் ஒன்றும் பேசவில்லை.

இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. எவர் கூற்று மிகுதியும் பொருந்தும் என்று அறிவதற்கு முன், அப்பெட்டி இன்னதென அறிதல் வேண்டும்.

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழல். அதனுள் ஒரு சூடான உலோகம் இருக்கிறது. அதிலிருந்து எதிர்மின் துகள்கள் எழுந்து, எதிரேயுள்ள தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையில் கம்பி வலை ஒன்று நிற்கிறது. மதகின் கதவைச் சிறிதே அசைப்பதனால் பெருவெள்ளம் கூடுவதும் குறைவதும் போல, அவ்வலையில் ஏற்படும் சிறிய மின் மாற்றம் தகட்டிற்குச் செல்லும் பெரிய ஓட்டத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது. மெல்லிய குரல் பேரொலியாக மாறுவது இவ்வாறுதான். இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் 1904-ஆம் ஆண்டில் இரண்டு உறுப்புகள் கொண்ட வால்வை ஆக்கினார். 1906-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய லீ டி பாரஸ்ட் மூன்றாம் உறுப்பாகிய வலையைச் சேர்த்தார். வானொலி, பேசும்படம், தொலைபேசி ஆகிய மூன்றும் அந்தச் சிறு வலையினால் வளம் பெற்றன.

நம் நாட்டிலும் வால்வுகள் செய்யப்பட்டன. பெங்களூரில் 1954-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1961-ஆம் ஆண்டு முதல் வானொலிப் பெட்டிகளுக்குரிய வால்வுகளைச் செய்யலாயிற்று. 1963-ஆம் ஆண்டில் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கிய காலத்தில், தாமிரபரணிக் கரையின் பல வீடுகளில் அதன் ஒலியைப் பெற்றுத் தந்தவை வால்வுப் பெட்டிகளே. பெட்டியை முடுக்கியதும் பாட்டு வாராது. வால்வு சூடேறும் வரை வீட்டார் காத்திருப்பர். பிறகு குரல் தொலைவிலிருந்து நடந்து வருவது போல மெல்ல மெல்ல வந்து சேரும்.

இதற்கிடையில், 1947-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்திருந்தது. அது சிறியது, சூடேறும் வரை காத்திருக்க வேண்டாதது, குறைந்த மின்சாரத்தில் இயங்குவது, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாதது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது எங்கும் பரவியது. வால்வுப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பரண் ஏறின.

எனினும் ஒரு துறையில் மட்டும் வால்வு தன் மதிப்பை இழக்கவில்லை. அது கிதார்த் துறை. மின்கிதாரின் கம்பி அதிர்வதை அதனடியிலுள்ள காந்தச் சுருள் மின்னோட்டமாக மாற்றுகிறது. அந்த ஓட்டம் மிக மெல்லியது. அதனை வாங்கும் பெட்டி, அதன் வலிமையை உறிஞ்சிவிடாமல் மென்மையாக ஏற்கவேண்டும். வால்வின் வலைக்கு அவ்வியல்பு உண்டு. மேலும், தாங்கும் அளவிற்கு மேல் ஒலி பெருகும்போது டிரான்சிஸ்டர் பெட்டி அலையின் உச்சியை வெட்டியெறிந்தாற்போலக் கரடுமுரடாக ஒலிக்கும். வால்வுப் பெட்டியோ அவ்வுச்சியைச் சிறிது சிறிதாக மழுக்குகிறது. அதனால் எழும் கரகரப்பை இசைஞர் குறையாகக் கருதாமல் சுவையாகவே போற்றுகின்றனர். அதனால்தான் ரஷியா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் வால்வுகள் இன்றும் செய்யப்படுகின்றன.

இசைக்கருவிக்கு மின்சாரம் துணையாவது தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. மாண்டலின் சீனிவாஸ் சிறுவராக இருந்தபோதே மின்மாண்டலினைக் கருநாடக இசை மேடைக்குக் கொண்டுவந்தார். தொட்ட மாத்திரத்தில் ஒலித்து ஓய்ந்துவிடும் அக்கருவியில் கமகம் பேச முடிந்தது என்றால், ஒலியைத் தாங்கி நீட்டித்த மின்சாரத்திற்கும் அதில் பங்கு உண்டு. கருவியும் பெட்டியும் சேர்ந்தே ஓர் இசைக்கருவி ஆகின்றன. ஆகவே பேரன் பழைய பெட்டியை விரும்பியது வெறும் விளையாட்டு எண்ணம் அன்று.

இனிப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். ஆனால் திறப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை வேண்டும். வால்வுப் பெட்டியினுள் நானூறு வோல்ட்டு அளவிற்கும் மேற்பட்ட மின்னழுத்தம் ஓடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டென்சர்கள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். அணைந்துவிட்டது என்று கையை விட்டவரைக் கொல்லவும் அது போதும். ஆதலால் பயிற்சி இல்லாதவர் அதனைத் தொடலாகாது. பல ஆண்டு கிடந்த பெட்டியை, “ஓடுகிறதா பார்ப்போம்” என்று உடனே மின்சாரத்தில் இணைப்பதும் தவறு. சிறிய பழுதாக இருந்ததைப் பெரும் பழுதாக்க அந்த ஒரு நொடி போதும். பாட்டனார் முதன்முதலில் வாய் திறந்து கூறியதும் இதுவே: “தம்பி, பிளக்கைச் செருகாதே. முதலில் கண்ணால் பார். பிறகு மூக்கால் பார். அதன் பின் மீட்டரால் பார்.”

நோயையும், நோயின் காரணத்தையும், அதைத் தணிக்கும் வழியையும் வரிசையாக ஆராயவேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்குக் காட்டிய நெறி. கருவிக்கும் அந்நெறி பொருந்தும். தொழில் அறிந்தவர் ஒருவர் வந்து, தேங்கிய மின்சாரத்தை வடித்துவிட்டுப் பார்க்கிறார். கண்ணுக்குத் தெரிபவை இவை: அடித்தட்டின் ஒரு மூலை துருவேறியிருக்கிறது; ஆனால் ஓட்டை விழவில்லை. வால்வுகள் நான்கில், உச்சியில் வெள்ளி போன்ற பூச்சு மின்னுபவை மூன்று. நான்காவதில் அப்பூச்சு பால் போல வெளுத்துவிட்டது. காற்று உள்ளே புகுந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அவ்வால்வு இனி உதவாது. பெரிய கண்டென்சர்கள் உப்பியிருக்கின்றன. அவற்றினுள் இருக்கும் ஈரம் வற்றினாலும் கெடும். பயன்படாமல் நெடுநாள் கிடந்தாலும் கெடும். இவையெல்லாம் மாற்றத்தக்க உறுப்புகள். சட்டைக்குப் பொத்தான் மாற்றுவது போன்றது இது.

பெட்டியின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது. அது டிரான்ஸ்பார்மர். வால்வுப் பெட்டியில் குறைந்தது இரண்டு டிரான்ஸ்பார்மர்கள் உண்டு. ஒன்று வீட்டு மின்சாரத்தை வாங்கி உயர்ந்த அழுத்தமாக்கித் தருவது. மற்றொன்று வால்விலிருந்து வரும் ஓட்டத்தை ஒலிபெருக்கிக் குழாய்க்கு ஏற்றவாறு மாற்றித் தருவது. விலையில் பெரும்பகுதி இவற்றிலேயே அடங்கியிருக்கிறது. எடையில் பெரும்பகுதியும் அவ்வாறே. இவை இரண்டும் நலமாயின் மற்றவை எவ்வளவு கெட்டிருப்பினும் பெட்டிக்கு மறுவாழ்வு உண்டு. இவை இரண்டும் கருகியிருப்பின் எஞ்சுவது இரும்புக் கூடுதான்.

மீட்டரின் முள் முதல் டிரான்ஸ்பார்மர் நலமென்று காட்டியது. இரண்டாவதைத் தொட்டபோது, சுருளின் ஒரு பாதியில் முள் அசைந்தது. மறுபாதியில் அசையவே இல்லை. உள்ளே, தலைமயிர் போன்ற செம்புக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. உப்பீரம் புகுந்து கம்பியை அரித்திருக்கலாம். அல்லது, பெட்டி உரக்க ஒலித்துக்கொண்டிருந்தபோது குழாயின் கம்பி கழன்றிருக்கலாம். பாரம் இறங்கிய சுருளில் அழுத்தம் மிகுந்து காப்பு உடைவது வால்வுப் பெட்டிக்கு நேரும் பெருங்கேடு. இப்போது கேள்வி கூர்மை அடைந்தது. உயிர்நிலை இரண்டில் ஒன்று பழுது; அதிலும் பாதி.

அறுந்த சுருளைப் புதிதாகச் சுற்ற முடியும். வயலுக்கு நீர் இறைக்கும் மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவர் நெல்லைச் சீமையில் ஊர்தோறும் இருக்கின்றனர். ஆனால் இந்த டிரான்ஸ்பார்மர் மோட்டார் போன்றதன்று. பழைய சுருளை ஒவ்வொரு சுற்றாக எண்ணிப் பிரிக்கவேண்டும். அடுக்குக்கு அடுக்குத் தாள் வைத்து, ஒரு சுருளின் பகுதிகளுக்கு நடுவே மற்றச் சுருளின் பகுதிகளை இடையிட்டுச் சுற்றவேண்டும். இறுதியில் வார்னிஷில் ஊறவைத்துச் சூட்டில் உலர்த்தவேண்டும். எண்ணிக்கை தவறினால் ஒலி கெடும். பொறுமையும் கைத்திறனும் உள்ளவர் சிலரே இவ்வேலையை ஏற்பர். கூலியும் அதற்கேற்ப இருக்கும்.

தந்தையின் கணக்கு இங்கே வலுப்பெற்றது. “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்று அவர் சிரித்தார். கண்டென்சர்கள், வால்வு, சுருள் சுற்றும் கூலி, தொழிலாளியின் நாட்கூலி, போக்குவரத்து ஆகியவற்றைக் கூட்டினால் அது ஒரு புதிய டிரான்சிஸ்டர் பெட்டியின் விலையை நெருங்கியது. விழாவுக்குப் பெட்டி வாடகைக்கு விடுவதே நோக்கம் என்றால் அவருடைய சொல்லே முடிந்த முடிபு. இக்காலத்துப் பெட்டிகள் எடை குறைந்தவை. பன்மடங்கு ஒலி தருபவை. ஒலிபெருக்கியின் பயன்பாடும் முன்போல வரம்பற்றதன்று. 2000-ஆம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிமுதல் காலை ஆறு மணிவரை அதனைக் கட்டுப்படுத்துகின்றன. விடிய விடியக் குழாய் முழங்கிய காலத்தின் பெட்டியை அத்தொழிலுக்காகவே மீட்டெடுப்பது அறிவுடைமை ஆகாது.

ஆனால் பேரனின் நோக்கம் வேறு. அவனுக்கு ஊர் முழுதும் கேட்கவேண்டுவதில்லை. ஓர் அறை நிறைந்தால் போதும். அவன் வேண்டுவது வால்வின் குரல். கிதாருக்கென்றே செய்யப்பட்ட புதிய வால்வுப் பெட்டியை வாங்குவதாயின், பழுதுபார்க்கும் செலவைப் போலப் பல மடங்கு பணம் வேண்டும். அந்த விலையோடு ஒப்பிட்டால் சுமைகூலி முக்கால் பணம் அன்று, கால் பணமே ஆகும். ஒரே பெட்டி, ஒரே பழுது, ஒரே செலவு; எனினும் விடை இரண்டாகிறது. “பழுது பார்க்கத் தகுமா?” என்ற கேள்வி தனித்து நிற்பதன்று, “எதற்காக?” என்ற கேள்வி அதற்கு முன்னே நிற்கிறது. தந்தையும் மகனும் மாறுபட்டது கணக்கில் அன்று, பயனில்தான்.

பயனோடு மற்றொன்றையும் எண்ணவேண்டும். அது நினைவு. பாட்டனாரின் கைபட்ட பெட்டி என்பதனாலேயே அதனைச் சீர்செய்யவேண்டும் என்று பேரன் வாதிட்டபோது, முதியவர் அதனை ஏற்கவில்லை. “எனக்காக என்றால் வேண்டாம். நான் நினைத்துக்கொள்வதற்கு அது ஓடவேண்டியதில்லை. பரணில் இருந்தாலே போதும். நீ நாள்தோறும் வாசிப்பாயானால் சீர்செய். இரண்டு மாதம் வாசித்துவிட்டு மீண்டும் பரணில் ஏற்றுவாயானால் இந்தச் செலவு வீண். ஓடாமல் கிடப்பதைப் போன்ற நோய் இதற்கு வேறில்லை” என்றார். நினைவுக்காக ஒரு பொருளைப் பேணுவது வேறு; பயனுக்காக அதனைப் பழுது நீக்குவது வேறு. முன்னதற்குத் துடைத்து வைத்தலே போதும். இரண்டையும் ஒன்றாகக் கருதுபவர் பணத்தையும் இழப்பர். சில சமயம் நினைவுச் சின்னத்தையும் கெடுப்பர்.

இவ்வூரின் கோயிலே இதற்கு ஒரு சான்று. திருச்செந்தூர்க் கோயிலின் பழைய கட்டடத்தில் மணற்கல் மிகுதியாக இருந்தது. நூற்றாண்டுகளாக வீசிய உப்புக்காற்று அத்தூண்களையும் சுவர்களையும் அரித்தது. மௌன சுவாமி, காசி சுவாமி, ஆறுமுக சுவாமி என்னும் துறவியர் மூவர் ஒருவர்பின் ஒருவராகத் திருப்பணியை மேற்கொண்டனர். கடற்காற்றைத் தாங்கவல்ல கருங்கல் கொண்டு அரிபட்ட பகுதிகள் கட்டப்பட்டன. 1941-ஆம் ஆண்டில் குடமுழுக்கு நிகழ்ந்தது. தொடங்கியவர் முடிவைக் காணாத அளவிற்கு நீண்ட பணி அது. கடல் அருகில் இருக்கும் வரை அரிப்பு ஓயாது என்று தெரிந்தும் அவர்கள் பின்வாங்கவில்லை. ஏனெனில் நாள்தோறும் மக்கள் வந்து வழிபடும் இடம் அது. அரிபட்ட கல் மாறியது, கோயில் மாறவில்லை. பயன் நிலைத்திருக்கும் இடத்தில் பழுது நீக்குதல் செலவு ஆகாது, தொண்டாகிறது.

கோயிலையும் ஒரு சிறு பெட்டியையும் சமமாக வைப்பது பொருந்தாது எனலாம். அளவில் பொருந்தாதுதான், முறையில் பொருந்தும். எது கெட்டது, எது கெடவில்லை என்று பகுத்தறிதல்; கெட்டதற்கு மாற்று எதுவெனத் தேர்தல்; மீண்டும் கெடாதிருக்க வழி செய்தல்; இவ்வளவும் யாருக்குப் பயன்படும் என்று எண்ணுதல் ஆகிய நான்கும் இரண்டிற்கும் பொதுவே.

இறுதியில் மூவரும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர். முதலில் டிரான்ஸ்பார்மரை மட்டும் சுற்றிப் பார்ப்பது. அது தேறாவிட்டால் அதற்குமேல் ஒரு காசும் செலவிடுவதில்லை. தேறினால், கண்டென்சர்களையும் வெளுத்த வால்வையும் மாற்றுவது. பழைய இரண்டு முள் பிளக்கை நீக்கி, நிலமிணைப்புடன் கூடிய மூன்று முள் பிளக்கைப் பொருத்துவது. இது செலவைக் குறைப்பதற்காக விடக்கூடிய வேலை அன்று என்று தந்தையே வற்புறுத்தினார். பெட்டி பிழைப்பதைவிட அதனைத் தொடும் பிள்ளை பிழைப்பது பெரிதன்றோ? செலவில் பாதியைப் பேரன் தன் விடுமுறை உழைப்பால் ஈட்டித் தருவது. துரு, களிம்பு, உப்பு ஆகியவற்றை நீக்கும் வேலையைப் பாட்டனாரின் மேற்பார்வையில் அவனே செய்வது. வரம்பு கட்டிக்கொண்டு இறங்கியதனால் தந்தைக்கு அச்சம் நீங்கியது. வழி திறந்ததனால் மகனுக்கு ஊக்கம் பிறந்தது.

உடைந்தவற்றையெல்லாம் தூக்கியெறிவது செல்வத்தின் அடையாளம் என்று சிலர் நினைக்கின்றனர். உடைந்தவற்றையெல்லாம் சேர்த்து வைப்பது சிக்கனம் என்று வேறு சிலர் நினைக்கின்றனர். இரண்டிலும் ஆராய்ச்சி இல்லை. எறிவதற்கு முன் திறந்து பார்ப்பவனே பொருளின் அருமையை அறிகிறான். திறந்து பார்த்த பின், தகாது எனத் தெளிந்து கைவிடுபவனும் அறிவுடையவனே. அவன் பெற்ற அறிவு அடுத்த கருவிக்கு உதவும். பழுது பார்க்கும் மேசையில் சீர்ப்படுவது கருவி மட்டும் அன்று. அளந்து பார்த்துப் பேசும் பழக்கமும், பிறர் கூற்றில் உள்ள உண்மையை ஏற்கும் பண்பும், ஒரு பொருளின் பின்னே நிற்கும் உழைப்பை மதிக்கும் உள்ளமும் அங்கே உருவாகின்றன.

கடற்காற்று நாளையும் வீசும். உப்பு மீண்டும் படியும். நாள்தோறும் இயங்கும் கருவியைத் துடைக்கும் கை ஒன்று அருகிலேயே இருக்கும்.